எம்4 மேக்புக் ஏர்: விண்டோஸிலிருந்து மாறுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். பல வருஷமாக 15.6 அங்குல விண்டோஸ் லேப்டாப்பில் ஓட்டிவிட்டு, இப்போது ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் ஏருக்கு மாறியிருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான், ஆள்தான் வேறு. ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாங்கிய புதிதில் எழுதுவது இது. மூன்று வருஷம் கழித்து பேட்டரி எப்படி இருக்கும் என்பதற்கெல்லாம் இங்கே பதில் கிடைக்காது.

சரியாக எந்த மாடல்? என்ன விலை?

2025 மார்ச்சில் வந்த, ஆப்பிளின் எம்4 சிப் போட்ட மேக்புக் ஏர். 13 அங்குலம், 16 ஜிபி மெமரி, 256 ஜிபி சேமிப்பு. இந்தியாவில் அறிமுகமானபோது விலை 99,900 ரூபாய். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 89,900. பண்டிகைத் தள்ளுபடி, வங்கிக் கார்டு தள்ளுபடி எல்லாம் சேர்ந்தால் இதைவிடக் கீழே இறங்கும் என்பதால், அவசரம் இல்லாதவர்கள் ஆயுத பூஜை, தீபாவளி சமயம் வரை பொறுத்துப் பார்க்கலாம். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கடையில் பில் போடுவதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுங்கள். லேப்டாப்புக்கு 18 சதவீத வரி. உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடிந்தால் அது சின்னத் தொகை இல்லை.

எடை குறைவு, எடை குறைவு என்கிறார்களே, நிஜமாகவே தெரிகிறதா?

தெரிகிறது. ஆனால் கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது அல்ல, பையோடு அலையும்போது.

எடை 1.24 கிலோ, தடிமன் 1.13 செ.மீ. மூடியின் மேல் ஒரு ஏ4 தாளை வைத்தால் சுற்றிலும் சில மில்லிமீட்டர்தான் வெளியே தெரியும். பழைய லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல். அதன் சார்ஜர் செங்கல் தனி. உள்நாட்டு விமானத்தில் கையில் கொண்டுபோகும் பைக்குப் பொதுவாக 7 கிலோ என்கிற கணக்கில் இந்த வித்தியாசம் இரண்டு செட் துணிக்கு ஈடு.

எடையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அளவு. மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் பகலில் போகும்போது ஏசி சேர் காரில் முன்சீட்டின் பின்னால் மடக்கி வைத்த தட்டு இருக்கும். பழைய லேப்டாப்பை அதில் வைத்தால் பாதி வெளியே தொங்கும். முன்னால் இருப்பவர் சீட்டைச் சாய்த்துவிட்டாரானால் திரை முழுக்கத் திறக்காது. குனிந்துகொண்டே படிக்க வேண்டும். இது அந்தத் தட்டில் அடங்கி உட்காருகிறது. திருச்சி வருவதற்குள் ஒரு அத்தியாயம் திருத்தி முடிகிறது என்றால் சிப்பைவிட அந்த அளவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறையிலிருந்து உருவிக் காட்டிய முதல் மேக்புக் ஏர் 1.36 கிலோ இருந்தது. ஒரே ஒரு யூஎஸ்பி துளை, மெதுவான ஹார்டு டிஸ்க். அதோடு ஒப்பிட்டால் எடை குறைந்தது நூறு கிராம் சொச்சம்தான். மாறியதெல்லாம் உள்ளே.

பெட்டியில் என்ன தருகிறார்கள்?

லேப்டாப், 30 வாட் சார்ஜர், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் கேபிள். அவ்வளவுதான். கூடுதல் துளைகள் தரும் ஹப், பை எல்லாம் நீங்கள்தான் வாங்க வேண்டும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது என்னென்ன கேட்கும்?

மூடியைத் திறந்தாலே ஆன் ஆகிவிடும். நாடு, மொழி, வைஃபை, ஆப்பிள் அக்கவுண்ட், கைரேகை, சிரி என்று வரிசையாகக் கேட்கும். ஆப்பிள் அக்கவுண்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று தாண்டிப் போகவும் விடுகிறது. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் நகரவே விடாதது நினைவுக்கு வந்தது.

இரண்டு இடத்தில் மட்டும் நிதானியுங்கள். ஒன்று, ஃபைல்வால்ட். லேப்டாப் திருட்டுப் போனாலும் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பது இதுதான். ஆன் செய்யுங்கள். அப்போது மீட்புச் சாவி என்று ஒரு நீண்ட எழுத்துத் தொடர் காட்டினால் அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பதில் பயன் இல்லை.

இன்னொன்று, அப்டேட். பெட்டியிலிருந்து எடுத்ததுமே சில ஜிபி அளவுக்கு ஒன்று காத்திருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் அன்றைய டேட்டா அதோடு சரி. வீட்டு பிராட்பேண்டில் முடித்துவிட்டு வெளியே எடுத்துப் போங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு என்று அந்த வைஃபையின் விவரத்தில் ‘லோ டேட்டா மோட்’ இருக்கிறது. போட்டுவைத்தால் பின்னணியில் டேட்டா உறிஞ்சப்படுவது குறையும்.

கைரேகை ஒரு ஆளுக்கு மூன்று வரை பதியலாம். ஈரக் கையை அது ஏற்காது. சமையலறையிலிருந்து வருகிறவர்கள் கையைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

பழைய விண்டோஸ் லேப்டாப்பில் இருப்பதை எப்படிக் கொண்டுவருவது?

மைக்ரேஷன் அசிஸ்டன்ட் என்று ஆப்பிளே ஒன்று தருகிறது. இரண்டு கணினிகளிலும் ஓடவிட்டால் கோப்புகளை அப்படியே இழுத்துவரும். நான் அதைப் பயன்படுத்தவில்லை. பத்து வருஷக் குப்பை முழுவதும் புது வீட்டுக்கு வந்து இறங்க வேண்டாம் என்று, வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்துவந்தேன்.

இதில் எல்லோருக்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. கோப்பை எடுக்கலாம், திருப்பிப் போட முடியாது. டிஸ்க் பழுது என்று கடைக்குப் போய்விடாதீர்கள். இரண்டு பக்கமும் புழங்க வேண்டிய டிஸ்க் என்றால் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்.

தமிழ் தட்டச்சு எப்படி? தனியாக மென்பொருள் போட வேண்டுமா?

வேண்டாம். தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளுமே உள்ளேயே இருக்கின்றன. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய், இன்புட் சோர்ஸ் என்கிற வரிக்குப் பக்கத்தில் எடிட் அழுத்தி, கூட்டல் குறியைத் தட்டித் தமிழைத் தேடினால் கிடைக்கும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற கன்ட்ரோலோடு ஸ்பேஸ். இடது மூலையில் உருண்டை படம் போட்ட விசையையும் இந்த வேலைக்கே வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் வசதி, ஒரு சுண்டுவிரலில் முடிகிறது.

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கியது முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள். அவர் கைவேலை மேக்கில் தமிழ் எழுதும் எல்லோரிடமும் இருக்கிறது. ‘தமிழ் சங்கம் எம்என்’, ‘தமிழ் எம்என்’ என்று மேக்கோடு வரும் எழுத்துருக்களின் வாலில் இருக்கும் எம்என் அவர்தான்.

இரண்டில் எது? இதுவரை ஆங்கில ஒலிப்பில் அடித்துப் பழகியவர்களுக்கு அஞ்சல் அன்றைக்கே கைவரும். நாளெல்லாம் தமிழ் அடிக்கிறவர்களுக்குத் தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகைத் தளக்கோலம் அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். புள்ளியை அதுவே பல இடங்களில் வைத்துக்கொள்ளும். ‘அம்மா’ என்று அடிக்க ஆங்கிலப் பலகையில் ஏ, கே, கே, க்யூ என்ற நான்கு தட்டு போதும். முதல் ‘கே’ ‘ம’ ஆகிறது, இரண்டாவது ‘கே’ விழுந்ததும் முன்னதில் தானாகப் புள்ளி ஏறுகிறது, ‘க்யூ’ கால் போடுகிறது. ‘அங்கே’ என்பதில் ‘ங’வுக்குப் பின்னால் ‘க’ வந்தாலே புள்ளி விழுந்துவிடும். விண்டோஸில் தமிழ்99 பழகியவர்களுக்கு இங்கே புதிதாகக் கற்க எதுவும் இல்லை. விரல்கள் நேராக வேலைக்குப் போய்விடும்.

மெய்ப்பு பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஆக்சஸிபிலிட்டி பகுதியில் உரையை வாசிக்கும் குரல்களில் தமிழுக்கு ‘வாணி’ என்று ஒன்று இருக்கிறது. இறக்கிக்கொண்டு, அதன் குறுக்குவிசையையும் ஆன் செய்துவிட்டால், ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து ஆப்ஷனோடு எஸ்கேப் அழுத்தினால் போதும், வாசிக்க ஆரம்பிக்கும். உணர்ச்சியே இல்லாத வாசிப்புதான். ஆனால் கண் தாண்டிப்போகும் விட்டுப்போன ஒற்றையும் இரட்டித்த சொல்லையும் காது பிடித்துவிடுகிறது.

பாமினி, வானவில் காலத்துப் பழைய கோப்புகள் திறக்குமா?

திறக்கும், ஆனால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கந்தரகோளமாகத் தெரியும். மேக்கின் குற்றம் இல்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அதே எழுத்துருவை இங்கேயும் நிறுவினால் படிக்கலாம். நல்ல வழி, ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி வைத்துக்கொள்வதுதான். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒருங்குறிக் கோப்புகளிலும் ஒரு சங்கதி உண்டு. விண்டோஸில் வேர்டு கோப்புக்குப் பயன்படுத்திய எழுத்துரு இங்கே இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். வரிகள் ஓடி, பக்க எண்ணிக்கை மாறும். பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் கவனிக்க. நானும் என் பதிப்பாளரும் இப்போது இருவரும் நோட்டோ செரிஃப் தமிழுக்கு வந்துவிட்டோம். இலவசம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது.

விண்டோஸ் பழக்கத்தில் எது ரொம்பப் படுத்துகிறது?

கன்ட்ரோல் விசை. இங்கே காப்பி, பேஸ்ட் எல்லாம் கமாண்ட் விசையில். சுண்டுவிரல் செய்த வேலையைக் கட்டைவிரலுக்கு மாற்ற வேண்டும். செட்டிங்ஸில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் நான் சொல்வேன், வேண்டாம். கொஞ்ச நாள் தடுமாறினாலும் கட்டைவிரல்தான் கைக்குச் சுகம்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும், செயலி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். முழுக்க மூட கமாண்டும் க்யூவும். ஜன்னலை மட்டும் மூடும் டபிள்யூ அதற்குப் பக்கத்து விசையில் இருப்பது யார் செய்த புண்ணியமோ தெரியவில்லை.

கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரில் ஒன்றைத் தேர்ந்து என்டர் தட்டினால் திறக்காது, பெயர் மாற்றக் கேட்கும். திறக்க கமாண்டும் ஓ-வும். கோப்பை ‘கட்’ செய்ய முடியாது. காப்பி செய்துவிட்டு, ஒட்டும் இடத்தில் ஆப்ஷனையும் சேர்த்து கமாண்ட்-வி அழுத்தினால் நகர்ந்துவரும். யோசித்துப் பார்த்தால் இது பத்திரமான முறை. ஒட்டும் வரை கோப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது.

டெலீட் என்று எழுதியிருப்பது பேக்ஸ்பேஸ்தான். கர்சருக்கு வலப்பக்கம் இருக்கும் எழுத்தை அழிக்க எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துங்கள். ஹோம், எண்ட் விசைகளே கிடையாது. கமாண்டும் இடது, வலது அம்புகளும் வரியின் இரு முனைக்குக் கொண்டுபோகும். ரூபாய் குறிக்கு கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் அழுத்தி வரும் பெட்டியில் தேடிக்கொள்ளலாம்.

டிராக்பேடைப் பற்றி எல்லோரும் புகழ்கிறார்களே?

புகழலாம். மவுஸை நான் பைக்குள் போடுவதையே விட்டுவிட்டேன். வேடிக்கை என்னவென்றால் அது அழுத்தும்போது கீழே போவதே இல்லை. உள்ளே ஒரு சின்ன மோட்டார் தட்டித்தான் விரலுக்குக் கிளிக் என்ற உணர்வைத் தருகிறது. லேப்டாப் முழுக்க அணைந்திருக்கும்போது அழுத்திப் பாருங்கள், அசையாத கண்ணாடிப் பலகைதான். லேசாகத் தட்டினாலே கிளிக் ஆகும் வசதி முதலில் அணைத்தே வருகிறது. செட்டிங்ஸில் அதை ஆன் செய்யுங்கள். இரண்டு விரலால் தட்டினால் ரைட் கிளிக்.

பேட்டரி உண்மையில் எவ்வளவு நேரம் வருகிறது?

வீடியோ பார்த்தால் 18 மணி நேரம், இணையத்தில் உலாவினால் 15 மணி நேரம் என்பது ஆப்பிளின் கணக்கு. என் வேலை வேர்டு, அகராதிப் பக்கங்கள், பிடிஎஃப். காலையில் முழு சார்ஜோடு மதுரையில் ஏறினால் எழும்பூரில் இறங்கும்போது பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. நாள் முழுக்க வீடியோ கூட்டம், திரை வெளிச்சம் முழுசாக என்று வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

இந்தச் சிப்பில் பத்து கோர்கள், அதாவது கணக்குப் போடும் பகுதிகள். நான்கு வேகத்துக்கு, ஆறு சிக்கனத்துக்கு. தட்டச்சு மாதிரி வேலைக்கு அந்த ஆறே போதும், பெரியவை தூங்கலாம். மூடி வைத்தாலும் பேட்டரி அப்படியே இருப்பதுதான் எனக்கு இன்னும் பழகாத விஷயம். பழைய லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தால் ஊர் போய்ச் சேரும்போது பை சூடாக இருக்கும், சார்ஜ் தீர்ந்திருக்கும். இதை இரவில் மூடினால் காலையில் ஓரிரு சதவீதம் குறைந்திருந்தால் அதிகம். ஷட் டவுன் செய்வதையே மறந்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இது இப்போது மேக்கின் தனிச்சொத்து இல்லை. 2024-இல் வந்த குவால்காம் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்புகளும், இன்டெலின் லூனார் லேக் சிப்புகளும் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் நாள் முழுக்கத் தாங்குகின்றன. பேட்டரிக்காக மட்டும் ஊர் மாற வேண்டியதில்லை.

போன் சார்ஜரில் ஏற்றலாமா?

ஏற்றலாம். பவர் டெலிவரி வசதியுள்ள டைப்-சி சார்ஜர் எதுவானாலும் சரி. 20 வாட் என்றால் மெதுவாக ஏறும். 70 வாட் சார்ஜர் இருந்தால் அரை மணியில் பாதி ஏறிவிடும். சில ரயில்களில் இரவில் ப்ளக் பாயிண்டை அணைத்துவிடுவார்கள், ஏறிய உடனே போட்டுவிடுங்கள்.

சார்ஜ் போட்டிருக்கும்போது மேலே தடவினால் லேசாக ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குமாமே?

சிலருக்கு, சில வீடுகளில் இருக்கும். விரலை மெதுவாக இழுத்தால் ஒரு குறுகுறுப்பு. உலோக உடல் கொண்ட எந்த லேப்டாப்பிலும், எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜர் போட்டால் வரக்கூடியதுதான். சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் ஒரு கபாசிட்டர் வழியாக மிக மிகச் சின்ன மின்சாரம் வெளியே கசிகிறது. அது போய்ச் சேர எர்த் இல்லாததால் உங்கள் வழியாகப் போகப் பார்க்கிறது. ஆபத்தான அளவு இல்லை, எரிச்சலான அளவு.

மூன்று பின் நீட்டிப்புக் கேபிளை ஆப்பிளே தனியாக விற்கிறது. அதைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும், வீட்டில் எர்த் சரியாக இருந்தால். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், லேப்டாப்புக்காக இல்லாவிட்டாலும் வாட்டர் ஹீட்டருக்காகவாவது. குறுகுறுப்பு என்ற அளவைத் தாண்டி சுரீரென்று அடித்தால் உடனே கழற்றிவிட்டு சார்ஜரைக் காட்டுங்கள்.

ஃபேன் இல்லையாமே, நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

எழுத்து வேலைக்குத் தாங்குகிறது, சத்தமும் இல்லை. ராத்திரி வீடு அடங்கிய பிறகு வேலை செய்கிறவர்களுக்கு அந்த நிசப்தம் பெரிய விஷயம். நீளமான வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது மட்டும் சில நிமிடங்களில் அடிப்பாகம் சுடும், சூட்டைக் குறைக்க சிப் தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். வேலை முடியும், நேரம் பிடிக்கும். தினமும் அதுதான் தொழில் என்றால் ஃபேன் உள்ள மேக்புக் ப்ரோவைப் பாருங்கள்.

சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை இருப்பது நல்லது என்கிறது ஆப்பிள். மே மாதச் சென்னைக்கு இதைச் சொன்னால் சிரிக்கும். மின்விசிறிக் காற்றில், மெத்தைமேல் அல்லாமல் மேஜைமேல் வைத்துப் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேட்டரிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

16 ஜிபி, 256 ஜிபி போதுமா?

மெமரி போதும். சேமிப்புதான் யோசிக்க வேண்டியது. இரண்டையும் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை. 512 ஜிபிக்குப் போனால் அறிமுக விலை 1,19,900. அதாவது இன்னும் இருபதாயிரம்.

உங்கள் பழைய லேப்டாப்பில் இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். எழுத்து, பிடிஎஃப், மின்னஞ்சல் என்றால் 256 தாராளம். குடும்பப் புகைப்படம், வீடியோ எல்லாம் இதற்குள்தான் வர வேண்டும் என்றால் அதே பணத்துக்குள் ஒரு நல்ல எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி வாங்கி அதில் வைப்பது என் யோசனை. பேக்கப் எடுக்க எப்படியும் ஒன்று வேண்டும். டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி உள்ளேயே இருக்கிறது. டிஸ்க்கைச் செருகி ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

எந்தச் செயலி எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி எப்போதும் நிறைந்தே இருக்கிறதே?

அது அப்படித்தான் காட்டும், சும்மா கிடக்கும் மெமரியையும் மேக் பயன்படுத்திக்கொள்கிறது. கீழே இருக்கும் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம்.

பென்டிரைவ், புரொஜெக்டர், பிரிண்டர்?

இரண்டே இரண்டு டைப்-சி துளைகள், ஒரு மேக்சேஃப், ஒரு ஹெட்போன் துளை. பழைய பென்டிரைவையோ எச்டிஎம்ஐ கேபிளையோ நேரடியாகச் செருக முடியாது. இவை இரண்டுக்கும் மெமரி கார்டுக்கும் இடம் உள்ள ஒரு ஹப்பை லேப்டாப் வாங்கும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மண்டபங்களிலும் கல்லூரிகளிலும் பேசப் போகிறவர்கள் விஜிஏவும் சேர்ந்ததாகப் பார்க்கலாம். அந்த நீலத் தலைக் கேபிள் இன்னும் சாகவில்லை.

வைஃபை உள்ள புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். யூஎஸ்பி மட்டும் உள்ள பழைய லேசர் பிரிண்டர் என்றால், உங்கள் மேக் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே அந்தப் பிரிண்டர் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள்.

என்னிடம் ஆண்ட்ராய்டு போன். கேபிள் போட்டுப் படங்களை எடுக்க முடியுமா?

கேபிளைச் செருகினால் எதுவும் தெரியாது. இதற்கென்று கூகுள் தந்துவந்த மென்பொருளும் இப்போது இல்லை. ஓப்பன்எம்டிபி என்ற இலவசச் செயலி அந்த வேலையைச் செய்கிறது. ஒரே வைஃபையில் இருந்தால் லோக்கல்சென்ட் இன்னும் சுலபம், இரண்டிலும் போட்டுக்கொண்டு அனுப்ப வேண்டியதுதான். ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியே கேட்பதில்லை, அது அவர்கள் கொடுத்து வைத்தது.

டாலி ஓடுமா?

நேரடியாக ஓடாது. கணக்கு எழுதும் மென்பொருளான டாலி பிரைம் விண்டோஸுக்கானது. பழைய இன்டெல் மேக்குகளில் விண்டோஸை நேரடியாக நிறுவ உதவிய பூட் கேம்ப்பும் இந்தச் சிப்புகளில் கிடையாது. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓடவிடும் பேரலல்ஸ் மாதிரி மென்பொருளுக்குள், இந்த வகைச் சிப்புக்கான ஆர்ம் விண்டோஸ் போட்டு முயலலாம், அது தனிச் செலவு, தனித் தலைவலி. டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி வருமான வரி, ஜிஎஸ்டி, கம்பெனி விவகாரத் தளங்களில் வேலை பார்ப்பவர்கள் டோக்கனுக்கான டிரைவர் மேக்கில் வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்காளர் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: எடை குறைந்த விண்டோஸ் லேப்டாப்பாகப் பாருங்கள்.

திரை, கேமரா, ஸ்பீக்கர்?

13.6 அங்குலம், எழுத்து அச்சடித்த மாதிரி கூர்மை. தமிழின் சுழிகளும் கொக்கிகளும் சின்ன அளவிலும் பிசிறில்லாமல் தெரிவதால் கண் களைப்பு குறைவு. டிஸ்பிளே செட்டிங்ஸில் ‘மோர் ஸ்பேஸ்’ போட்டால் மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடுகிறது. பளபளப்புத் திரை என்பதால் பின்னால் ஜன்னல் இருந்தால் உங்கள் முகம்தான் அதிகம் தெரியும். கேமரா நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கர் இந்தத் தடிமனுக்கு ஆச்சரியம்.

ஆன்ட்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

நான் வாங்கவில்லை. அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால், கிராக் செய்த மென்பொருள் பக்கம் போகாமல் இருந்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்பே போதும்.

பிடிக்காதது எதுவும் இல்லையா?

இருக்கிறது. சார்ஜ் துளையும் டைப்-சி துளைகளும் எல்லாமே இடப்பக்கம். ப்ளக் பாயிண்ட் வலப்பக்கம் இருக்கும் மேஜையில் கேபிளைச் சுற்றிக்கொண்டுபோக வேண்டும். வலப்பக்கம் ஒன்று வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? திரையின் உச்சியில் கேமராவுக்காக வெட்டியிருக்கும் இடம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது, ஆனால் மெனு பட்டியில் சின்னங்கள் கூடினால் சில அதற்குப் பின்னால் காணாமல் போகின்றன. ஸ்கை ப்ளூ என்று விற்கும் நிறம் டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளியாகத்தான் தெரிகிறது. அந்த நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பழைய லேப்டாப்பை என்ன செய்தீர்கள்?

வைத்திருக்கிறேன். என் பழைய லேசர் பிரிண்டர் அதோடுதான் பேசும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் அதில் வங்கி வேலை எதுவும் செய்வதில்லை. விண்டோஸ் 11 ஏற்காத அளவு பழையது என்றால் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், நன்றாகவே ஓடும். வெளியாளுக்கு விற்பதாக இருந்தால் பிரவுசரில் இருக்கும் அக்கவுண்ட்களிலிருந்து வெளியேறி, ‘ரீசெட் திஸ் பிசி’ போய், எல்லாவற்றையும் நீக்கும் தேர்வைக் கொடுத்து, டிரைவையும் துடைக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கைமாற்றுங்கள்.